முருங்கைப்பூவும் மூத்தாரின் கண்ணும்

என் கணவரின் அண்ணனுக்குக் கண்ணில் புரை விழுந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். அதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. புதுச்சேரி டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த மூத்தார், சோற்றில் ஊற்ற வேண்டிய ரசத்தை நிதானமாகத் தரையில் ஊற்றினார். ஜன்னல் வெளிச்சத்தில் அவர் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். வலது கண்ணின் கருவிழி அரிசி களைந்த தண்ணீர்போல இருந்தது. இடது கண்ணும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது.

“மாமா, கண்ணுல புரை விழுந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டிட்டு வந்துடலாம்” என்றேன்.

“புரையும் இல்ல ஒண்ணும் இல்ல. உஷ்ணம்மா. மில்லுல அத்தினி வருஷம் நின்னு வாங்கின உஷ்ணம், இப்ப கண்ணுல வந்து நிக்குது” என்றார்.

எங்கள் குடும்பத்தில் எந்த நோயும் உஷ்ணத்தால்தான் வரும். உஷ்ணத்தால் வராதது குளிர்ச்சியால் வரும். வேறு காரணங்களுக்கு அனுமதி இல்லை.

மூத்தார் பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்தார். மனைவி போன பின் மூலக்குளத்தில் எங்களோடு வந்து தங்கினார். உப்பளம் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பகல்நேரக் காவலாளி வேலை. அதாவது, வருகிறவர் யார், போகிறவர் யார் என்று பார்த்துச் சொல்கிற வேலை. அதைப் பார்வை இல்லாமலே பல மாதங்களாக அவர் பார்த்துவந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. அந்தக் குடியிருப்பில் உள்ளவர்களுக்கும் தெரியவில்லை என்பதுதான் இன்னும் ஆச்சரியம். காவலாளியின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

ஆஸ்பத்திரி என்ற சொல்லை நான் உச்சரித்த அன்றைக்கே அவருடைய கைபேசி வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிட்டது. ஒரு காணொளியில் வெள்ளைத் துண்டு போர்த்திய ஒருவர் காய்கறிக் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு பேசினார். முருங்கைப்பூவைப் பசும்பாலில் வேகவைத்துப் பனங்கற்கண்டு போட்டுக் காலையும் மாலையும் குடித்தால் புரை கரைந்து, கண்ணீராக வெளியே வந்துவிடுமாம். “கண்ணாடியைக் கழற்றிக் கடலில் வீசுங்கள்” என்று முடித்தார்.

“மாமா, அவரே கண்ணாடி போட்டிருக்காரு பாருங்க” என்று காட்டினேன். நல்ல விலையுள்ள ஃபிரேம் அது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

“அது அவரு அழகுக்குப் போட்டிருக்காரு” என்றார் மூத்தார்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு முருங்கைமரம் இருக்கிறது. மறுநாளிலிருந்து அதற்குக் கெட்டகாலம். பூத்த பூவெல்லாம் பால் சட்டிக்குள் போயின. காய் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. சாம்பாருக்கு நான் கடையில் முருங்கைக்காய் வாங்கினேன்.

நான் பூக்களுக்கு விரோதி அல்ல, இதைச் சொல்லிவிட வேண்டும். வயதுக்கு வந்த புதிதில் எனக்கு உதிரப்போக்கு அதிகமாக இருந்தபோது, அம்மா வாழைப்பூவை ஆய்ந்து, நரம்பெடுத்து, மோரில் போட்டுக் கறுக்காமல் வைத்து, பருப்போடு சேர்த்து உசிலி செய்து போடுவாள். போக்கு குறைந்ததா என்று எனக்கு நினைவில்லை. உசிலியின் ருசி நினைவிருக்கிறது. அகத்திப்பூப் பொரியல், பூசணிப்பூ போட்ட கூட்டு எல்லாம் இன்றைக்கும் செய்கிறேன். சோற்றுத் தட்டில் இருக்கும்வரை பூ நல்ல பிள்ளை. அதற்கு மருந்து என்று பட்டம் கட்டினவுடன் அதற்கும் தலைக்கனம் வந்துவிடுகிறது, அதைத் தின்கிறவர்களுக்கும் வந்துவிடுகிறது.

முருங்கைப்பூவுக்கு ஊரில் இன்னொரு விதமான பேரும் இருக்கிறது. அதை ஆண்கள் எதற்காகப் பாலில் போட்டுக் குடிக்கிறார்கள் என்று கேட்டால் தமிழ்நாட்டிலும் சரி, புதுச்சேரியிலும் சரி, யாரும் கண்ணுக்காக என்று சொல்ல மாட்டார்கள். மனைவியை இழந்த, அறுபதைத் தாண்டிய ஒரு மனிதர் தினமும் காலையில் ஏணி போட்டு ஏறி முருங்கைப்பூ பறிப்பதை எங்கள் தெரு பார்த்தது. சில நாள் சும்மா பார்த்தது. பிறகு எதிர்வீட்டு அக்கா என்னைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா, உன் மூத்தாருக்கு எங்கனா பொண்ணு பாக்குறீங்களா?”

“இல்லக்கா. கண்ணுக்குச் சாப்பிடுறாரு.”

“கண்ணுக்கா!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். “சரி சரி, கண்ணுக்குன்னே வெச்சுக்குவோம். வில்லியனூர்ல எங்க ஒண்ணுவிட்ட அக்கா ஒருத்தி இருக்கா. புருஷன் தவறிட்டாரு. நல்லா சமைப்பா. கேட்டுப் பாக்கட்டுமா?”

என் கணவர் இதைக் கேட்டு இரண்டு நாள் தெருவில் தலைநிமிராமல் நடந்தார். மூத்தாருக்கு அந்த வெட்கமெல்லாம் இல்லை. செய்தி அவர் காதுக்குப் போன மறுநாள் மீசைக்கு மை தடவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். கண் தெரியாததால் மேலுதட்டுக்கும் சேர்த்துத் தடவியிருந்தார். நான் துடைத்துவிட்டேன். “அடுப்புக் கரி பட்டிருக்கு மாமா” என்று சொல்லி வைத்தேன். வேறென்ன சொல்ல?

பிறகு கம்பளிப்பூச்சி வந்தது. முருங்கைமரத்தில் அது அப்பிக்கொள்ளும் காலத்தில் எந்த மனிதனும் அந்தப் பக்கம் போகமாட்டான். மரத்தின் அடித்தண்டில் கம்பளி விரித்ததுபோலக் கிடந்தன. மூத்தாருக்கு அது தண்டின் பட்டையாகத் தெரிந்திருக்கிறது. ஏணியைச் சாய்த்து, தண்டை அணைத்துக்கொண்டு ஏறினார். அன்று அவர் உடம்பு இருந்த கோலத்தைப் பார்த்தவர்கள் அம்மை என்று சொல்லியிருப்பார்கள். நான் மருந்துக்கடைக்குப் போய் களிம்பு வாங்கி வருவதற்குள், சுரைப்பூவை அரைத்துத் தடவினால் அரிப்பு போய்விடும் என்று கைபேசி சொல்ல, பக்கத்துவீட்டுச் சுரைக்கொடியையும் மொட்டையடித்துவிட்டார். நான் வாங்கிவந்த களிம்பை அதன்மேல் பூசினேன். அரிப்பு அடங்கியது. “பாத்தியா, சுரைப்பூ எப்பிடிக் கேக்குது!” என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. இவரோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. மருந்து வேலை செய்தால் பெருமை பூவுக்குப் போகும். பூ வேலை செய்யாவிட்டால் பழி உஷ்ணத்துக்குப் போகும்.

இதற்குள் உப்பளத்தில் அவர் பெரிய ஆளாகிவிட்டிருந்தார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சர்க்கரை. வாழைப்பூச் சாறு குடித்தால் சர்க்கரை ஓடிவிடும் என்று மூத்தார் அவரிடம் சொல்லியிருக்கிறார். வாழ்நாள் முழுக்கக் கடன் கேட்டு வந்தவர்களை ஆயிரம் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிய மனிதர், இதற்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தினமும் மூத்தார் சந்தையில் வாழைப்பூ வாங்கிக்கொண்டுபோய் அவர் வீட்டில் கொடுத்தார்.

கீழ்த்தளத்தில் ஒரு மதாம் இருந்தார். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், சொல்தா. பல வருஷம் பிரான்ஸில் இருந்துவிட்டு, கணவர் போன பின் ஊரோடு வந்துவிட்டவர். அவருடைய மூட்டுவலிக்குப் பூசணிப்பூ கொடுத்தார் மூத்தார். அதை அரைத்து முட்டியில் கட்ட வேண்டும் என்பது உத்தரவு. மதாம் அதை வாங்கி, நன்றி சொல்லி, மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்துச் சாப்பிட்டுவிட்டார்.

“வலி எப்பிடி மதாம் இருக்குது?” என்று இவர் கேட்டிருக்கிறார்.

“வலி அப்பிடியேதான் இருக்குதுப்பா. பெஞ்ஞே, அதான் அந்தப் பூ பஜ்ஜி, நல்லா இருந்துது. நாளைக்கும் கொண்டாந்து குடு.”

அந்த மதாம்தான் இவருடைய கண்ணைப் பார்த்து, “நான் ரெண்டு கண்ணும் பிரான்ஸ்ல ஆபரேஷன் செஞ்சுக்கிட்டேன். வலியே தெரியல. நீயும் போ” என்று சொன்னவர். மூத்தார் அதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தார். “அது வெளிநாட்டுல செஞ்சது. இங்க நம்ம கண்ணுக்கெல்லாம் அது ஒத்துக்காதும்மா.”

பிறகு அந்த மோட்டார் சைக்கிள் விஷயம் நடந்தது.

நல்ல வெயில் நேரம். குடியிருப்புக்குள்ளிருந்து ஓர் ஆள் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறான். இரண்டாம் மாடியில் கணினி வேலை பார்க்கிற பையனுடைய வண்டி அது. “பெட்ரோல் தீந்து போச்சுண்ணே” என்றிருக்கிறான். மூத்தார் அவனை அந்தப் பையன் என்றே நினைத்திருக்கிறார். கதவைத் திறந்துவிட்டது மட்டுமல்ல, “வெயில்ல ஏன் தம்பி ஒத்தையா கஷ்டப்படற” என்று சொல்லிப் பின்னாலிருந்து தெருமுனைவரை தள்ளியும் கொடுத்திருக்கிறார்.

சாயங்காலம் எங்களை வரச்சொன்னார்கள். செயலாளர் வீட்டுக் கூடத்தில் காமிராவில் பதிவானதைப் போட்டுக் காட்டினார்கள். திருடன் முன்னால் போகிறான். எங்கள் மூத்தார் பின்னால் குனிந்து, முழு மூச்சோடு வண்டியைத் தள்ளுகிறார். தெருமுனையில் அவன் திரும்பி ஏதோ சொல்கிறான். இவர் நெற்றியில் கைவைத்து ஒரு சலாம் போடுகிறார். என் கணவர் பதிவு முடியும்வரை செயலாளர் வீட்டுக் கால்மிதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சார், இவருக்குக் கண்ணே தெரியல சார்!” என்று கத்தினான் வண்டிக்காரப் பையன்.

“தெரிய ஆரம்பிச்சிடும். மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு” என்றார் செயலாளர்.

“என்ன மருந்து சார்?”

செயலாளர் பேச்சை மாற்றினார். மனிதன் என்றால் தவறு செய்வது சகஜம் என்றார். போலீசில் சொல்லியாகிவிட்டது, வண்டி கிடைத்துவிடும் என்றார். இத்தனை கருணை எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, நாங்கள் கிளம்புகிற நேரத்தில் மூத்தாரைத் தனியாகக் கூப்பிட்டு, “நாளைக்குப் பூ மறந்துடாதீங்க” என்றார். படித்த மனிதர். சுவரில் இரண்டு பட்டங்கள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன.

வண்டி கிடைத்தது. கடலூர் போகிற வழியில் அநாதையாக நின்றுகொண்டிருந்ததாம், நிஜமாகவே பெட்ரோல் தீர்ந்து.

காமிராப் பதிவைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு மூத்தார் வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் மோர் ஊற்றப் போனபோது சொன்னார்:

“நான் அவன் மூஞ்சியப் பாத்தேம்மா. நல்லாதான் பாத்தேன். எனக்கு அந்தப் பையன் மாதிரியேதான் இருந்துது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மோர்ச் சோற்றைக் கரைத்துக்கொண்டே அவரே தொடர்ந்தார். ஆலையில் கூட வேலை செய்த ஒருவர் அந்தக் காலத்தில் கண் ஆபரேஷனுக்குப் போனாராம். “கட்டு போட்டுக்கினு வந்தான். கட்ட அவுத்தாங்க. அவ்ளோதான், அந்தக் கண்ணு போயே போச்சு. அதுக்கப்புறம் அவன் மிசினு கிட்ட நிக்க முடியல. வெளிய அனுப்பிட்டாங்க.”

இத்தனை நாள் உஷ்ணம், காணொளி, பனங்கற்கண்டு என்று அவர் சொன்னதெல்லாம் பயம். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் எங்கள் முருங்கைமரமாவது பிழைத்திருக்கும்.

“இப்ப அப்பிடியெல்லாம் இல்ல மாமா. எங்க கடைக்கு ஆபரேஷன் செஞ்சுக்கிட்டு எத்தினி பேரு வர்றாங்க தெரியுமா? திங்கக்கெழம போயிடலாம். நான் லீவு போட்டுட்டு வர்றேன்.”

“சரி, பாக்கலாம்” என்றார்.

நான் அதைச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அதைத் தன் பூவுக்குக் கொடுக்கும் கடைசித் தவணையாக வைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளுக்குச் சாப்பிட்டது போதவில்லை, நேராகக் கண்ணுக்கே கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்து, சனிக்கிழமை காலையில் அகத்திப்பூவைக் கசக்கி, சாற்றைத் துணியில் பிழிந்து, வலது கண்ணில் விட்டுக்கொண்டார். நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு அக்கா எங்களுக்கு முன்னால் ஓடிவந்துவிட்டாள்.

திங்கட்கிழமை வரை காத்திருக்கத் தேவையில்லாமல் போயிற்று. கண் பழுத்த தக்காளியாகியிருந்தது. ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பார்த்த டாக்டர் இளம்பெண்.

“கண்ல என்ன விட்டீங்க?”

“பூ.”

“என்ன பூ?”

“அகத்திப்பூ டாக்டரம்மா. வெள்ளை. சிவப்புதான் விசேஷம், ஆனா அது கெடைக்கல.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று அவர் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

“ஐயா, இதைப் பொரியல் செஞ்சு சாப்பிடுங்க. நானும் சாப்பிடுவேன். கண்ணுக்குள்ள ஊத்தாதீங்க. நல்லவேளை, பெரிய சேதம் இல்ல” என்றார். புண் ஆறட்டும், பிறகு புரையை எடுத்துவிடலாம் என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்.

சில வாரம் கழித்து ஆபரேஷன் நடந்தது. உள்ளே போகும்போது மூத்தார் என் கையை விடவில்லை. நர்ஸ்தான் பிரித்தார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் சொந்தபந்தம் முழுக்க என்னைத்தான் பிடிக்கும், பூவோடு இருந்திருப்பானே என்று ஆளாளுக்குப் பேசுவார்கள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துத் துடைத்துப் புடவைத் தலைப்பு ஈரமாகிவிட்டது. நான் நினைத்த நேரத்துக்கு முன்பே வெளியே கூட்டிவந்துவிட்டார்கள். “முடிஞ்சிடுச்சா? ஆரம்பிக்கவே இல்லன்னு நெனச்சேன்” என்றார்.

கட்டை அவிழ்த்தபோது முதலில் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். கண்கள் நிறைந்துவிட்டன. “அழாதீங்க மாமா, தண்ணி படக்கூடாது” என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே அந்த நெகிழ்ச்சியெல்லாம் காய்ந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிவந்தார். மின்விசிறியில் தூசி இருக்கிறது என்றார். பால் பாத்திரத்தின் அடியில் கறை இருக்கிறது என்றார். “இந்தச் சுவத்துக்கு வெள்ளை அடிச்சு எத்தினி வருஷம் ஆச்சும்மா?” என்றார். அவருக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்த நேரங்களில், பாட்டிலை ஒரு கணம் பார்த்துவிட்டு அந்த அகத்திப்பூவை நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் பழக்கதோஷத்தில் ஒரு கொத்து முருங்கைப்பூவைப் பறித்துக் கையில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பூவுக்குள்ளே கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் பூச்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. முருங்கைப்பூவென்றால் அப்படித்தான், உப்புத் தண்ணீரில் அலசித்தான் சமைக்க வேண்டும்.

“இது எப்பவும் இருக்குமா?” என்றார்.

“எப்பவும் இருக்கும் மாமா.”

“இத்தினி நாளா…”

“இத்தினி நாளாவும்தான்.”

கொத்தை வேலிக்கு அந்தப்பக்கம் போட்டுவிட்டு, கொப்பளித்துத் துப்பினார். அதோடு முருங்கைப்பால் நின்றது.

ஆனால் வேலைக்குத் திரும்பிப் போனவர் அங்கே என்ன சொன்னார் தெரியுமா? செயலாளர் கண்ணைப் பற்றி விசாரித்திருக்கிறார். “டாக்டரே அசந்துட்டாங்க சார். இந்த வயசுல நரம்பு இவ்ளோ பலமா இருக்குதேன்னு. அத்தனையும் முருங்கைப்பூ செஞ்ச வேலை. இல்லன்னா ஆபரேஷன் இவ்ளோ சுளுவா முடிஞ்சிருக்காது” என்றிருக்கிறார். இதை எனக்குச் சொன்னவர் மதாம். மூத்தாரைப் பார்க்க ஒரு டப்பா கேக்கோடு வீட்டுக்கு வந்திருந்தார். “உங்க ஆளு இப்ப மெத்சேன் ஆயிட்டாரு. எல்லாருக்கும் மருந்து சொல்றாரு, சீட்டு எழுதறது மட்டும்தான் பாக்கி” என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் போன மாதம் ஒரு தாய் எங்கள் கடைக்கு வந்து, மகளுக்குச் சொல்லிவைத்த கண்ணாடி வேண்டாம் என்றாள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியாத பிள்ளை. பவர் பார்த்து, ஃபிரேம் தேர்ந்தெடுத்து, கண்ணாடி தயாராக மேசைமேல் இருக்கிறது.

“ஏன் வேணாம்?” என்றேன்.

“உப்பளத்துல ஒரு வாச்மேன் இருக்காரு. அவருக்குக் கண்ணே தெரியாம இருந்து, முருங்கைப்பூ சாப்பிட்டு இப்ப பளிச்சுனு தெரியுதாம். என் தம்பி அந்த பில்டிங்லதான் குடியிருக்கான். நேர்ல பாத்திருக்கான்.”

“அவருக்கு ஆபரேஷன் நடந்துதும்மா. அவருக்குக் கண்ல சொட்டு மருந்து விட்டதே நான்தான்.”

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். கண்ணாடி விற்கிறவள் வேறு என்ன சொல்வாள் என்று அந்தப் பார்வை சொன்னது. பேசிப் பயனில்லை. கண்ணாடியை எடுத்துப் பிள்ளையின் மூக்கில் மாட்டிக் கடை வாசலுக்குக் கூட்டிவந்து, எதிர்ப்பக்கம் இருக்கிற பெயர்ப்பலகையைப் படிக்கச் சொன்னேன். கடையின் பெயரைப் படித்தாள். அதற்குக் கீழே இருந்த சின்ன எழுத்தைப் படித்தாள். அதற்கு மேலே மின்கம்பியில் காக்கை ஒன்று வாயில் குச்சியோடு உட்கார்ந்திருக்கிறது என்றாள். தாய் திரும்பிக் கம்பியைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள்.

“பூவையும் குடுங்க, கண்ணாடியையும் போடுங்க. ரெண்டும் சண்டை போட்டுக்காது” என்றேன். வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் மூத்தாரைப் பிடித்துக்கொண்டேன். நான் புதிதாகப் போட்டுக்கொடுத்த படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, ஊரெல்லாம் கண்ணாடி போடாதன்னு சொல்லிக்கினு இருக்கீங்களாமே? ஒரு சின்னப் பொண்ணு கண்ணு கெட்டிருக்கும் இன்னிக்கி.”

அவருக்கு உண்மையிலேயே கஷ்டமாகத்தான் இருந்தது. முகம் வாடிவிட்டது. “நான் கண்ணாடி போடாதன்னு யாருகிட்டயும் சொல்லலம்மா. பூ சாப்பிடுன்னுதான் சொன்னேன். ஜனங்க அதுங்களா சேத்துக்குதுங்க” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு கைபேசியை என் பக்கம் திருப்பினார்.

“அது கெடக்குது. உனக்கு முட்டி வலின்னு சொன்னியே, கத்திரிப்பூவ நல்லெண்ணெய்ல வதக்கி…”

நான் சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டு, இராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி களைய ஆரம்பித்தேன்.